ருமாலில் கட்டிய சரித்திரம்

புனே நகரத்தில் ‘பேஷ்வா தப்தர்’ என்று ஒரு கற்கட்டிடம் உண்டு. அந்த ஊரில் வருஷக்கணக்காகக் குடியிருக்கும் நம் அங்கத்தினர்களில் பலர் அதன் வாசலைக் கடந்து போயிருக்கலாம். உள்ளே போனவர்கள் வெகு சிலராகவே இருப்பார்கள். உள்ளே கோடிக்கணக்கான காகிதங்கள் இருக்கின்றன. துணியில் மூட்டையாகக் கட்டி, அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கிறார்கள். அந்த மூட்டைக்கு ‘ருமால்’ என்று பெயர். மராட்டிய தேசத்தின் அரசியலும் ஜனங்களின் வாழ்க்கையும் அந்த ருமால்களுக்குள்தான் பத்திரமாக இருக்கின்றன.

இவற்றைச் சேர்த்து வைத்தவர்கள் சரித்திரம் எழுதும் நோக்கத்தில் சேர்க்கவில்லை. பேஷ்வாக்களின் ஆட்சி 1818-ல் முடிந்ததும், கும்பினியார் கோட்டைகளோடு கணக்குப் புஸ்தகங்களையும் வசப்படுத்திக்கொண்டார்கள். எந்தக் கிராமம் எவ்வளவு வரி கட்டியது, எந்த நிலம் யாருக்கு இனாம் என்பது தெரிந்தால்தானே வசூல் நடக்கும்? 1852-ஆம் வருஷத்து 11-வது சட்டப்படி, இனாம் கமிஷன் வீடு வீடாக ஆதாரம் கேட்டது. தலைமுறை தலைமுறையாக மானியம் அனுபவித்தவர்களில், ஸநது காட்ட முடியாத பலர் நிலத்தை இழந்தார்கள். அந்த விசாரணைக்காக தேசமுக், தேசபாண்டே போன்ற பரம்பரை அதிகாரிகளிடம் இருந்த கிராமப் பதிவேடுகளும் திரட்டப்பட்டன. ஜனங்களிடமிருந்து நிலத்தை எடுப்பதற்காகச் சேர்த்த காகிதமே பிற்பாடு அந்த ஜனங்களின் சரித்திரமாக ஆனது!

அதில் என்னதான் இருக்கிறது? போர்க்களத்திலிருந்து வந்த கடிதங்கள் உண்டு. அவற்றைவிட அதிகம் வரவு செலவு, வாய்தா, வழக்கு, தீர்ப்பு ஆகியவைதான். சிராவண மாதத்தில் பேஷ்வாக்கள் பண்டிதர்களுக்கு அளித்த தக்ஷிணையின் கணக்கும் உண்டு. அந்தத் தக்ஷிணைப் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு 1821-ல் புனேயில் ஒரு ஸம்ஸ்கிருத பாடசாலை தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து பின்னாளில் டெக்கான் கல்லூரி ஆயிற்று. யுத்தக் கதை மட்டும் சரித்திரம் ஆகாது, சாமானிய மக்களின் நிலையை அறிய இந்தத் தினசரிக் குறிப்புகளே வழி என்பதை மகாதேவ கோவிந்த ரானடே 1900-லேயே எடுத்துக் காட்டினார்.

ஆனால் வெள்ளைக்கார சர்க்கார் சரித்திர ஆராய்ச்சியாளர்களைச் சுலபத்தில் உள்ளே விடவில்லை. அதனால் வி.கா. ராஜ்வாடே போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து, பழைய குடும்பங்களின் பரணிலும் பெட்டியிலும் கிடந்த காகிதங்களைத் தேடினார்கள். 1898 முதல் அவர் வெளியிட்ட மூல ஆவணத் தொகுதிகள் 22. அவர் முயற்சியில் 1910-ல் புனேயில் பாரத இதிகாஸ ஸம்சோதக மண்டலம் தோன்றியது. கடைசியில் தப்தரின் கதவும் திறந்தது. பரோடா ஸமஸ்தானத்தில் பல வருஷம் பணியாற்றி ஓய்வு பெற்ற கோவிந்த ஸகாராம் ஸர்தேஸாய், அறுபது வயதைத் தாண்டிய நிலையில் இந்தக் காகித மலைக்குள் இறங்கி, 1930-லிருந்து 1934-க்குள் 45 தொகுதிகளைப் பதிப்பித்தார். நண்பர் ஜதுநாத் ஸர்க்கார் அவருக்கு உறுதுணையாக இருந்தார்.

காகிதம் இருந்தால் மட்டும் போதாது; படிக்க ஆள் வேண்டும். இவற்றில் பெரும்பகுதி மோடி எழுத்தில் உள்ளவை. மராத்தி மொழிதான், ஆனால் எழுதுகோலை அதிகம் தூக்காமல் வேகமாக எழுதுவதற்கு ஏற்ற சுழி எழுத்து. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பள்ளிகளில் இது நின்றுவிட்டது. பேரனுக்குத் தாத்தாவின் கையெழுத்தே புரியாத நிலை வந்தது.

இதன் விலை என்ன என்பது 2023-ல் தெரிந்தது. மராட்டா சமூகத்தினரின் இட ஒதுக்கீட்டுக் கோரிக்கையை ஒட்டி, நிஜாம் காலத்துப் பதிவேடுகளில் ‘குன்பி’ என்ற குறிப்பு யார் யாருக்கு இருக்கிறது என்று தேட, ஓய்வுபெற்ற நீதிபதி ஸந்தீப் ஷிந்தே தலைமையில் மகாராஷ்டிர அரசு ஒரு குழு அமைத்தது. பழைய ஏடுகள் மோடியிலும் உருதுவிலும் இருந்தன. படிக்கத் தெரிந்தவர்களைத் தேட வேண்டியதாயிற்று. அந்தக் கோரிக்கையின் நியாயம் நம் விஷயமல்ல. எப்போதோ ஒரு குமாஸ்தா எழுதிவைத்த ஒரு சொல், இன்று ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தை நிர்ணயிக்கிறது என்பதே கவனிக்க வேண்டியது.

நமக்கு இது அந்நியமான கதையும் அல்ல. 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்களின் அலுவல் காகிதங்களும் மோடியில்தான் எழுதப்பட்டன. அவற்றைத் தமிழாக்கச் செய்து, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அவற்றை ஆதாரமாகக் கொண்டு கே.எம். வேங்கடராமையா அக்கால அரசியலையும் சமுதாய வாழ்க்கையையும் பற்றி விரிவான நூல் எழுதினார். காவிரிக் கரையில் நம் முன்னோர் வாழ்ந்த விதம் அங்கேயும் கணக்குப் பிள்ளையின் பேனாவால்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிழைப்புக்காக ஊர் ஊராகப் போனவர்கள் நாம். வீடு மாற்றும்போதெல்லாம் பழைய டிரங்குப் பெட்டியில் உள்ள பாகப்பிரிவினைப் பத்திரம், தபால் அட்டை, அப்பாவின் செலவுக் கணக்கு நோட்டு ஆகியவை பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகின்றன. போடுவதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். கிரந்தமோ பழைய தமிழ்க் கையெழுத்தோ புரியவில்லை என்றால், வீட்டில் உள்ள பெரியவரைப் படிக்கச் சொல்லி, யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். காகிதம் இன்னும் நூறு வருஷம் இருக்கும். படித்துச் சொல்ல அந்தப் பெரியவர் இருக்க மாட்டார்.