மோதலில் பிறந்த நிலவு: பலெர்மோ முதல் சித்தம்பூண்டி வரை

சிசிலித் தீவின் பலெர்மோ நகரை ஒட்டிய மொண்டெல்லோ விரிகுடாவின் ஒரு கரையில் பெல்லெக்ரினோ மலை, மறுகரையில் காலோ மலை. பெல்லெக்ரினோவின் மேலுள்ள புனித ரோசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பலெர்மோவில் குடியேறிய ஈழத்தமிழர்கள் சைவர் உட்பட ஏறிப்போய்க் கும்பிடுவது வழக்கம். மலைக்குத் தெற்கே, நகருக்குள், நார்மன் அரண்மனை இருக்கிறது. அதன் கோபுரம் ஒன்றில் 1790இல் வானாய்வகம் நிறுவப்பட்டது. அதை நடத்தியவர் ஜுசெப்பே பியாட்சி என்ற துறவி. நிலவின் பிறப்புக் கொள்கைகளின் வரலாற்றைப் பலரும் 1879இல் தொடங்குகிறார்கள். இந்தக் கோபுரத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது என் வாதம்.

1801 ஜனவரி 1 இரவு, பியாட்சி ரிஷப ராசிப் பகுதியில் விண்மீன் அட்டவணையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்துகொடுத்த வட்டக் கருவியில், அட்டவணையில் இல்லாத மங்கிய புள்ளி ஒன்று தென்பட்டது. மறுநாள் அது இடம் மாறியிருந்தது. பிப்ரவரி 11 வரை அதைப் பின்தொடர்ந்தார். பிறகு சூரிய ஒளியில் மறைந்துபோனதை, கணிதவியலாளர் காஸ் போட்ட கணக்கை வைத்து அந்த ஆண்டின் கடைசியில் மீண்டும் பிடித்தார்கள். சிசிலியின் காவல் தெய்வமான விளைச்சல் தேவதையின் பெயரால் அதற்கு சீரிஸ் என்று பெயரிட்டார் பியாட்சி.

அடுத்த ஆண்டே பல்லாஸ் என்ற இன்னொரு சிறுகோளைக் கண்ட வானியலாளர் ஆல்பர்ஸ், இவை உடைந்த கோள் ஒன்றின் துண்டுகளோ என்று கேட்டார். அந்த ஊகம் தவறு. இவை கோளாகத் திரளாமல் எஞ்சியவை. ஆனால் வானத்தில் திரியும் உடல்கள் உடையலாம், மோதலாம் என்ற எண்ணத்துக்கு முதன்முறையாக ஒரு பிடிமானம் கிடைத்தது. அந்த எண்ணம் நிலவின் பிறப்புக்கு விளக்கமாக நிலைபெற 170 ஆண்டுகளுக்கு மேல் ஆனது ஏன் என்பதுதான் கேள்வி.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மெல்ல நடக்கும் மாற்றங்களை நம்பிய காலம். நிலவின் குழிகளை எரிமலை வாய்கள் என்றே பெரும்பாலோர் கருதினர். 1879இல் ஜார்ஜ் டார்வின், உயிரியல் அறிஞர் சார்லஸ் டார்வினின் மகன், ஓதங்களால் நிலவு விலகிச் செல்வதைக் கணக்கில் பின்னோக்கி ஓட்டினார். வேகமாகச் சுழன்ற இளம் புவியிலிருந்து நிலவு பிய்ந்து வந்தது என்ற முடிவுக்கு வந்தார். பசிபிக் பெருங்கடலே அந்தத் தழும்பு என்றார் ஆஸ்மண்ட் ஃபிஷர். விலகல் உண்மைதான்: அப்பல்லோ வீரர்கள் வைத்துவந்த கண்ணாடிகளில் லேசர் பாய்ச்சி அளந்தால் ஆண்டுக்கு 3.8 செ.மீ. ஆனால் புவியின் உள் உராய்வு அப்படிப் பிய்வதற்கு இடம்தராது என்று 1930இல் ஹெரால்டு ஜெஃப்ரீஸ் காட்டினார். எங்கோ பிறந்த நிலவைப் புவி பிடித்துக்கொண்டது, இரண்டும் இரட்டையராகத் திரண்டன என்ற மாற்றுக் கொள்கைகளும் இருந்தன. இரட்டையர் என்றால் புவியின் சராசரி அடர்த்தி நீரைப்போல் 5.5 மடங்காகவும் நிலவினுடையது 3.3 மடங்காகவும் இருப்பானேன்? நிலவின் இரும்பு எங்கே போனது?

இதற்கிடையே 1893இல் புவியியலாளர் கில்பர்ட், நிலவின் குழிகள் மோதலால் விழுந்தவை என்று எழுதினார். 1946இல் ஹார்வர்டு புவியியலாளர் ரெஜினால்டு டேலி ஒருபடி மேலே போய், புவிமீது ஓர் உடல் உரசிச் சாய்வாக மோதியதில் நிலவு பிறந்திருக்கலாம் என்றார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. சரியான விடை அச்சில் இருந்தும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தூங்கியது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

நிலவிலிருந்து கல் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1969இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணில் ஜான் வுட் குழுவினர் வெள்ளைத் துணுக்குகளைக் கண்டனர். அவை அனார்தோசைட் என்னும் பாறை. உருகிய பாறைக் குழம்பு ஆறும்போது கனமான கனிமங்கள் அடியில் தங்க, இந்தப் பாறையின் இலேசான கனிமமான பிளேஜியோகிளேஸ் பாலாடைபோல மேலே மிதந்து திரளும். ஒருகாலத்தில் நிலவு முழுவதையும் பாறைக்குழம்புக் கடல் மூடியிருந்தது என்று அவர்கள் துணிந்தார்கள். அவ்வளவு வெப்பம் எங்கிருந்து வந்தது? நிலவின் மோதல் படுகைகளை ஆராய்ந்துவந்த வில்லியம் ஹார்ட்மன், டொனால்டு டேவிஸுடன் சேர்ந்து 1975இல் விடை சொன்னார்: பேருருவான உடல் ஒன்று புவியின்மேல் மோதியது. இரும்பு புவியின் கருவில் தங்கிவிட, மேலோடும் அதன் கீழுள்ள மூடகத்தின் மேற்பகுதியுமே தெறித்து நிலவாயிற்று. 1976இல் கேமரனும் வார்டும் அந்த உடல் செவ்வாய் அளவுடையது என்று கணித்தனர். 1984இல் ஹவாயின் கோனா மாநாட்டுக்குப் பின் இதுவே முதன்மைக் கொள்கையானது. மோதிய உடலுக்குப் பின்னாளில் தீயா என்று பெயர் வந்தது. கிரேக்கப் புராணத்தில் நிலாத் தேவதையின் தாய். நிலவுக்கும் புவிக்கும் ஆக்சிஜன் ஐசோடோப்புகள் ஏறக்குறைய ஒன்றாயிருப்பது ஏன் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

அந்த வெள்ளைப் பாறை நமக்கு அந்நியமல்ல. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் அனார்தோசைட் தரையிலேயே கிடக்கிறது. அதைப் பொடித்து நிலவின் மேட்டுநில மண்ணுக்கு நிகரான மண்ணை உருவாக்கி, சந்திரயான் கலங்களின் சோதனைக்கு இஸ்ரோ பயன்படுத்தியது. கப்பல் சரக்காக வரும் அயல்நாட்டு மண்ணுக்குக் காத்திராமல், நம் வயல்காட்டோரக் கல்லையே அரைத்து வேலையை முடித்தார்கள்.

2023 ஆகஸ்ட் 23 அன்று, விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராயிருந்த சந்திரயான் 3, நிலவின் தென்துருவப் பகுதியை நெருங்கித் தரையிறங்கியது. பிரக்யான் ஊர்தி 103 மீட்டர் நகர்ந்து 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் சந்தோஷ் வடவாலே குழுவினர் 2024 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். அங்கும் அதே அனார்தோசைட் வகை மண்தான். யாரும் மண் எடுத்திராத உயர் அட்சரேகையிலும் பாறைக்குழம்புக் கடலின் சுவடு. மக்னீசியம் மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். அருகிலுள்ள தென்துருவ-எய்ட்கன் படுகையை உண்டாக்கிய பெருமோதல், நிலவின் ஆழத்திலிருந்து அதை வாரி மேலே வீசியிருக்க வேண்டும் என்கிறார்கள்.