ஒரே காற்று, இரு கணக்குகள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ராட்டன் என்றொரு சிற்றூர். அதன் புறத்தே, கடல்மட்டத்துக்குச் சுமார் 6,600 அடி மேலே, விட்டிங்டன் மையத்தின் சுடுதளம் இருக்கிறது. 2013-இல் எஃப்-கிளாஸ் நெடுந்தூரத் துப்பாக்கிச் சுடுதலின் உலகப் போட்டி நடந்த இடம் அது. ஊருக்கென 6,300 அடிக்கு மேல் ஒரு சிறு விமான நிலையமும் உண்டு. கோடைப் பிற்பகலில், 1,000 கெஜம் தள்ளியுள்ள இலக்கை நோக்கிப் படுத்திருக்கும் வீரரும், ஓடுபாதை முனையில் எஞ்சினை முடுக்கி நிற்கும் விமானியும் ஒரே காற்றைத்தான் எடைபோடுகிறார்கள். ஒருவருக்கு அது வரவு. மற்றவருக்கு அது செலவு.

தோட்டாவைத் தடுப்பது காற்றின் அடர்த்தி; இறக்கையைத் தாங்குவதும் அதே அடர்த்தி. ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு வரியிலிருந்து கிளைக்கிறது. அடர்த்தியைத் தீர்மானிப்பவை அழுத்தமும் வெப்பமும். ராட்டன் சுடுதளத்தில் அழுத்தம் கடல்மட்டத்தின் 1013 ஹெக்டோபாஸ்கலுக்குப் பதில் ஏறத்தாழ 794-தான். வெப்பம் 30 டிகிரி செல்சியஸை எட்டினால், அங்குள்ள காற்று ஏறத்தாழ 10,000 அடி உயரத்துக் காற்றைப்போல் நடந்துகொள்ளும். இதையே 'அடர்த்தி உயரம்' என்கிறார்கள். கடல்மட்டக் காற்றோடு ஒப்பிட்டால் அதன் அடர்த்தி நான்கில் மூன்று பங்குகூட இல்லை.

விநாடிக்கு 2,600 அடி வேகத்தில் புறப்படும் .308 ரகத்தின் 175 கிரெய்ன் தோட்டா, 1,000 கெஜத்தை அடைவதற்குள் கடல்மட்டத்தில் விழும் அளவைவிட இங்கே ஐந்தடிக்கு மேல் குறைவாகவே விழும். பக்கக் காற்று அதைத் தள்ளும் தூரமும் சுருங்கும். விமானத்துக்கோ எஞ்சின், சுழல்விசிறி, இறக்கை மூன்றும் ஒருசேர வலுவிழக்கின்றன. வேகமானி, புறப்படும் கணத்தில் வழக்கமான எண்ணையே காட்டும். ஏனெனில் அதுவும் காற்றின் அழுத்தத்தைக் கொண்டே அளக்கிறது. ஆனால் தரையின்மேல் விமானம் ஓடும் உண்மை வேகம் சுமார் 16 விழுக்காடு கூடுதலாக இருந்தாக வேண்டும். ஓடுபாதை நீளவில்லை, தேவைதான் நீண்டுவிட்டது.

வெப்பம் இந்த முரணை இன்னும் கூர்மையாக்குகிறது. வெயில் ஏறினால் காற்று மெலிவதோடு வெடிமருந்தும் சூடேறி, தோட்டா சற்று வேகமாகவே குழலை விட்டு நீங்கும். ஆக, சுடுபவருக்கு ஒரே திசையில் இரண்டு ஆதாயம். விமானிக்கு வெயில் தருவதெல்லாம் இழப்பு. 10,600 அடிக்கு மேலுள்ள, லடாக்கின் லே விமான நிலையத்தில் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து திரும்பிவிடுவதற்குப் பிற்பகல் காற்றின் வேகத்தோடு இந்த மெலிவும் ஒரு காரணம். ஈரப்பதத்தில் மட்டும் இருவரும் ஒரே வியப்பைப் பகிர்ந்துகொள்ளலாம்: புழுக்கமான காற்று கனமானதன்று, உலர்ந்த காற்றைவிட இலேசானது. நீராவி மூலக்கூறு நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட எடை குறைந்தது. விளைவு மிகச் சிறிது, கடந்துவிடலாம்.

பயிற்சி பெற்ற இடத்தை விட்டு வேறிடம் போகும்போது இருவருக்கும் ஆபத்து எதிரெதிர்த் திசைகளிலிருந்து வருகிறது. சமவெளியில் பழகிய விமானி மலைக்குப் போனால் சிக்கல். மலையில் பழகிய சுடுவீரர் சமவெளிக்கு இறங்கினால் சிக்கல். 2009-இல் இதே எஃப்-கிளாஸ் போட்டி நடந்த இங்கிலாந்தின் பிஸ்லி கடல்மட்டத்துக்கு அருகிலுள்ளது. ராட்டனில் 1,000 கெஜம் வரை ஒலியின் வேகத்தைத் தாண்டியே சென்ற தோட்டா, அங்கே அதற்கு முன்பே ஒலிவேகத்தை நெருங்கித் தடுமாறக்கூடும். அடர்ந்த காற்றில் அதன் சுழற்சி தரும் நிலைப்பும் குறையும். தோட்டா ஒலிவேகத்துக்கு மேலேயே இருக்க விரும்புகிறது. பயணிகள் விமானமோ அந்த வேகத்துக்குக் கீழேயே இருக்க விரும்புகிறது.

எதிர்பாராத உறவு வெளிப்படுவது அழுத்தமானியில்தான். விமானத்தின் உயரமானி அடிப்படையில் அழுத்தமானியே; சுடுபவர் கையில் வைத்திருக்கும் கெஸ்ட்ரல் போன்ற வானிலைக் கருவியிலும் ஓர் அழுத்தமானி இருக்கிறது. 1928-இல் பால் கோல்ஸ்மன் துல்லியமான உயரமானியை உருவாக்கினார். மறு ஆண்டே விமானி ஜிம்மி டூலிட்டில் வெளியே பார்க்காமல், கருவிகளை மட்டும் நம்பி விமானத்தை எழுப்பி இறக்கிக் காட்டியபோது அந்த உயரமானி உடனிருந்தது. அதன் முகப்பிலுள்ள சிறு சாளரத்தில் விமானி வைப்பது, கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம். வானிலை அறிக்கை சொல்வதும் அதே வகை எண்தான். ராட்டனின் உண்மையான அழுத்தத்தை அதில் வைக்க நினைத்தாலும் முடியாது. வழக்கமான உயரமானியின் சாளரத்து எண்கள் அவ்வளவு கீழே இறங்குவதில்லை.

சுடுபவருக்கு வேண்டியதோ அந்தத் திருத்தப்படாத, இடத்துக்கு உரிய அழுத்தம். விமானிக்கு உயிர்காக்கும் எண்ணை இவர் அப்படியே தோட்டாக் கணிப்புச் செயலியில் இட்டால், செயலி தான் கடற்கரையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு தேவைக்கு மேல் உயர்த்திச் சுடச் சொல்லும். தோட்டா இலக்குப் பலகையைத் தாண்டிப் பறக்கும். உண்மை அழுத்தத்தையும் இட்டு, 6,600 அடி உயரத்தையும் தனியே கணக்கில் சேர்த்தால் ஒரே திருத்தம் இருமுறை நடக்கும். தோட்டா இலக்குக்கு முன்பே மண்ணில் புதையும். என் பார்வையில், நெடுந்தூரச் சுடுதலில் கணக்குப் பிழை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி கணிதத்தின் பிழையன்று. வேறொருவர் தேவைக்காகத் தயாரான எண்ணைக் கடன்வாங்கிய பிழை.

இத்தனைக்கும் விமானியும் ஒரு கணம் சுடுபவரின் பக்கம் வந்து நிற்கிறார். புறப்பாட்டுத் தூரத்தைக் கணிக்க அவர் உயரமானியில் 1013.25 ஹெக்டோபாஸ்கலை வைத்து, அது காட்டும் உயரத்தை வெப்பத்துக்கு ஏற்பத் திருத்துகிறார். கிடைப்பது அதே அடர்த்தி உயரம். மறுபுறம், இன்றைய தோட்டாக் கணிப்புச் செயலிகள் பல தொடக்கப் புள்ளியாகக் கொள்வது பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பின் தர வளிமண்டலம். விமானங்களுக்காக வரையறுத்த காற்றில்தான் தோட்டாவும் பறக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் பழைய தர வளிமண்டலம் வேறு. அதன்படி அளந்த தோட்டாத் தரவை இதில் கலந்தால் அடர்த்தியில் 1.8 விழுக்காடு அளவுக்குப் பிசகும்.

இருவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாத இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான நெடுந்தூரப் போட்டிகளில் தொடக்கத்தில் சோதனைக்காகச் சுட அனுமதி உண்டு. கணக்கு பிசகியிருந்தாலும் முதல் தோட்டா எங்கே பட்டதென்று பார்த்து ஸ்கோப்பின் திருகைத் திருப்பிக்கொள்ளலாம். அதன்பின் வெற்றியைத் தீர்மானிப்பது அடர்த்தியைவிடப் பக்கக் காற்றை வாசிக்கும் திறமையே. ஆகவே சுடுவீரர்கள் அடர்த்தி உயரம் குறித்துப் படும் கவலை சற்று மிகை என்றே எனக்குப் படுகிறது. விமானிக்கு அந்தக் கவலை ஒருபோதும் மிகையாகாது. அவருக்குச் சோதனைப் புறப்பாடு என்று ஒன்று இல்லை.