தானே பாடும் நிலையம்

வானொலியில் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தொடங்குகிறது. இதில் வியப்பு என்ன என்று கேட்பீர்கள். நிலையத்தில் ஒருவரும் இல்லாதபோதும் தொடங்குகிறதே, அதுதான் வியப்பு! மாணவ நண்பர்களே, அதன் வரலாற்றைச் சிறிது சொல்ல விழைகிறேன்.

அமெரிக்காவில் 1950-களில் பால் ஷேஃபர் என்பவர் தானியங்கி ஒலிபரப்புப் பொறிகளை அமைத்தார். அக்காலப் பொறிகளுக்கென ஒலிநாடாவில் ஒவ்வொரு பாட்டின் இறுதியிலும் நொடிக்கு 25 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த ஒலியைப் பதிப்பது வழக்கமாயிற்று. நேயர் செவிக்கு எட்டாத அந்தக் குறிப்பை உணர்ந்து, பொறி அடுத்த நாடாவை ஓடவிடும். 1964-இல் அந்நாட்டு ஆணையம் ஒரு விதி செய்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களில், ஒரே உரிமையாளரின் ஏ.எம். நிகழ்ச்சியை எஃப்.எம். நிலையம் பாதி நேரத்துக்கு மேல் திரும்ப ஒலிபரப்பலாகாது என்பது அது. புதிய நிகழ்ச்சிகளுக்கு ஆள் அமர்த்த வசதியில்லாத நிலையங்கள் பல தானியங்கியை நாடின.

பொறி வந்தது, பாட்டுகளின் வரிசையை யார் வகுப்பது? பாட்டுக்கு ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் அடுக்கி, முன்னுள்ளதை எடுத்துப் பின்னே செருகுவது பழைய முறை. இதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. பெட்டியில் 24 பாட்டுகள், மணிக்கு 4 ஒலிக்கின்றன என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு 6 மணி நேரம். ஆகவே காலை 7 மணிப் பாட்டு நாள்தோறும் 7 மணிக்கே வரும். அந்த ஒரு மணி நேரம் மட்டும் கேட்பவர், நிலையத்தில் நான்கே பாட்டுகள் உள்ளன என்று எண்ணுவார்! ஒரே ஒரு பாட்டைக் கூட்டி 25 ஆக்குங்கள். சுற்று ஆறேகால் மணியாகும். நான்கு சுற்றுக்கு 25 மணி. இன்று 7 மணிக்கு ஒலித்தது நாளை 8 மணிக்கு ஒலிக்கும்.

1979-இல் ஆண்ட்ரூ எக்கனாமோஸ் தொடங்கிய நிறுவனம், 'செலக்டர்' என்ற மென்பொருளால் இவ்வேலையைக் கணிப்பொறிக்குக் கொடுத்தது. ஒரே பாடகர் அடுத்தடுத்து வராமலும், துள்ளலும் அமைதியும் மாறி மாறி வரும்படியும் அது பட்டியலிடும். ஆயினும் எது துள்ளல், எது அமைதி என்று வகுப்பவர் மனிதரே.

2002 ஜனவரி 18 அன்று நள்ளிரவு கழிந்தபின், வட டகோட்டாவின் மைனாட் நகரருகே ரயில் தடம்புரண்டு அம்மோனியா பரவியது, ஒருவர் மாண்டார். மக்களை எச்சரிக்க விரும்பிய காவலர்களால் அவ்வூர் வானொலி நிலையத்தில் எவரையும் உடனே அடைய இயலவில்லை. குறை யாருடையது என்பதில் பின்னர் வாதம் எழுந்தது. நான் அவ்வாதத்துள் நுழையவில்லை. பாட்டைத் தொடுக்கப் பொறி போதும். ஆபத்து வேளையில் பாட்டை நிறுத்திப் பேச, நிலையத்தில் ஒரு மனிதர் வேண்டும் என்பதே என் கருத்து.