இணைய அவதூறு: 100 ரிங்கிட்டில் தொடங்கிய கேள்வி

2024 ஜூலையில், இணையப் பகடிவதைக்கு ஆளான இந்தியப் பெண் ஒருவர் கோலாலம்பூரில் உயிரிழந்தார். அவரைச் சீண்டும் வகையில் டிக்டாக்கில் பதிவிட்டதை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 ரிங்கிட். 1955ஆம் ஆண்டு சிறு குற்றச் சட்டத்தின் 14ஆவது பிரிவில் உச்சத் தண்டனையே அவ்வளவுதான். ஓர் உயிருக்கு 100 ரிங்கிட்டா என்று நம் சமூகம் கொதித்தது.

சட்டம் இன்று மாறியிருக்கிறது.

*தண்டனைச் சட்டம்:* 2025 ஜூலை 11 முதல் பகடிவதைக்கெனப் புதிய பிரிவுகள் நடப்பில் உள்ளன. மிரட்டியோ இழிவுபடுத்தியோ வேண்டுமென்றே துன்புறுத்தினால் 3 ஆண்டு வரை சிறை. அது தற்கொலைக்குத் தூண்டுதலாக அமைந்தால் 10 ஆண்டு வரை சிறை. தொல்லை தரும் நோக்கில் ஒருவரின் தனிப்பட்ட விவரங்களை வெளியிடுவதும் குற்றம்.

*தொடர்பு, பல்லூடகச் சட்டம், பிரிவு 233:* 2025 பிப்ரவரி 11 முதல் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாகவும், சிறைத் தண்டனை ஓராண்டிலிருந்து 2 ஆண்டாகவும் உயர்ந்தது.

*அவதூறு:* தண்டனைச் சட்டம் பிரிவு 500இன்படி 2 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கோரி வழக்கும் தொடுக்கலாம்.

*கடுமை போதுமா, மிகையா?*

தண்டனை இன்னும் கூட வேண்டும் என்பது ஒரு சாராரின் வாதம். கடுஞ்சட்டம் நியாயமான விமர்சனத்தின் வாயையும் அடைத்துவிடும் என்பது மறு சாராரின் அச்சம். இரண்டுக்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது. பொது நன்மைக்காக உண்மையைச் சொல்வது குற்றமல்ல என்று தண்டனைச் சட்டமே விலக்கு அளிக்கிறது. ஆலயக் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்பது அவதூறு ஆகாது. ஆதாரமின்றி, தலைவர் பணத்தைச் சுருட்டிவிட்டார் என்று எழுதினால் அவதூறாகலாம்.

பலர் மறப்பது இன்னொன்று: எழுதியவர் மட்டுமல்ல, புலனக் குழுவில் அதைப் பகிர்ந்தவரும் சிக்கலாம். 1950ஆம் ஆண்டு சான்றுச் சட்டத்தின் 114ஏ பிரிவு, பதிவின் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ யாருடைய பெயரோ படமோ காட்டப்படுகிறதோ அவரே வெளியிட்டதாக அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு.

*பாதிக்கப்பட்டால்*

கோபத்தில் பதில் எழுத வேண்டாம். பதிவை அழிக்கவும் வேண்டாம். தேதி, கணக்குப் பெயர், இணைப்பு தெரியும்படி திரைப்படம் பிடித்து வைத்து, போலீசிலும் தொடர்பு, பல்லூடக ஆணையத்திலும் புகார் செய்யுங்கள். எவ்வளவு கடுமையான சட்டமும், அந்தப் புகார் வந்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும்.