பசியும் நகரசபையும்: இங்கிலாந்திலிருந்து ஒரு குறிப்பு

கொவிட் காலம் என்றதும் இங்கு வாழும் பழைய மாணவிகளான எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பிள்ளைகளின் மதியச் சாப்பாடுதான்.

2020 மார்ச் 20ஆம் திகதியோடு இங்கிலாந்துப் பாடசாலைகள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூடப்பட்டன. வறிய பிள்ளைகளின் இலவச உணவுக்கு ஈடாக, பிள்ளையொன்றுக்கு வாரம் 15 பவுண் பெறுமதியான உணவுச்சீட்டு வழங்கப்பட்டது. உதைபந்தாட்ட வீரர் மார்க்கஸ் ரஷ்போர்ட் விடாமல் குரல்கொடுத்ததால் அது கோடை விடுமுறைக்கும் நீடித்தது. ஒக்டோபர் 21இல், அடுத்த ஈஸ்டர்வரையான விடுமுறைகளுக்கும் உணவு கோரிய பிரேரணையைப் பாராளுமன்றம் 322க்கு 261 வாக்குகளால் நிராகரித்தது. அரைத்தவணை விடுமுறைக்கோ சில நாட்களே இருந்தன.

உள்ளூராட்சி சபைகள் பல தங்கள் பணத்திலேயே உணவுச்சீட்டு வழங்க முன்வந்தன. ஆளுங்கட்சி வசமிருந்த சபைகளும் அவற்றுள் அடக்கம்! தெருமுனைக் கடைக்காரர்கூடப் பொதி கட்டிக் கொடுத்தார்கள். நவம்பரில் அரசாங்கம் இறங்கிவந்து 17 கோடி பவுண் குளிர்கால உதவி அறிவித்தது. அதைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பும் சபைகளிடமே வந்தது.

எங்களில் வைத்தியர்களாயிருந்தோர் அந்நாட்களில் காய்ச்சலையும் ஒட்சிசனையும் அளந்துகொண்டிருந்தோம். பசியைப் பற்றிக் கேட்கவில்லை. நகரசபைக்காரருக்கு அது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. இப்போது பிள்ளைகளைப் பார்க்கும்போது, விடுமுறையில் மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்றும் கேட்கிறோம்.