ஹம்மர்பெஸ்ட்: எரிஞ்ச ஊரும் பேய்க்கதைகளும்



மலர்க்குழுவில இருக்கிற அண்ணை ஒருவர் "நீ ஏ.எல்.லில வரலாறு படிச்சனிதானே, இந்த ஊரைப் பற்றி ஏதாவது எழுதித் தா" எண்டு கேட்டார். நான் ஏ.எல்.லோட படிப்பை விட்டவன். இப்ப மீன் தொழிற்சாலையில பெல்ட்டில நிக்கிறன். பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கோ.

இங்க வந்த முதல் மாரியில, இருட்டு இரண்டு மாதம் கலையாமல் நிண்ட நேரம், வேலை முடிஞ்சு நடந்து வரேக்க சுடலைப் பக்கமாத்தான் வரவேணும். ஒரு சின்ன வெள்ளைக் கட்டடம் அங்க நிக்கும். செத்த ஆக்களுக்குச் சடங்கு செய்யிற கபெல். ஊரில எண்டால் இப்பிடியான இடத்தால இரவில ஒருத்தரும் போகமாட்டினம். என்னோட வேலை செய்யிற நோர்வேஜியக் கிழவர் ஒருவரிட்ட "இதில பேய் இருக்குதோ?" எண்டு பகிடியாக் கேட்டன். அவர் சிரிக்கேல்லை. "அது ஒண்டுதான் உயிரோட நிண்டது" எண்டார். அதுக்குப் பிறகுதான் இந்த ஊரின் கதையைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

ஹம்மர்பெஸ்டுக்கு நகர உரிமை கிடைத்தது 1789இல். 1809இல் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் வந்து தாக்கிக் கொள்ளையடித்தன. 1890இல் பெருந்தீ ஊரின் பெரும்பகுதியைத் தின்றது. அடுத்த வருடமே, 1891இல், தெருவுக்கு மின்விளக்குப் போட்டார்கள். வட ஐரோப்பாவில் முதன்முதல் தெருவுக்கு மின்விளக்குக் கண்ட ஊர்களில் இதுவும் ஒன்று. ஆனால் இந்த ஊர்ச் சனம் "எரிவு" எண்டு சொல்லேக்க நினைக்கிறது 1890ஐ இல்லை.

1940இல் ஜேர்மனியர் நோர்வேயைப் பிடித்த பின் ஹம்மர்பெஸ்ட் அவர்களுடைய கடற்படைத் தளமாக இருந்தது. 1944 இலையுதிர் காலத்தில் சோவியத் படை கிழக்கால் முன்னேறியது. ஒக்டோபர் 28ஆம் திகதி ஹிட்லரின் கட்டளை வந்தது: பின்மார்க்கிலும் வடதுரும்ஸிலும் சனத்தை முழுக்கக் கிளப்பு, பின்னால் வாற படைக்கு ஒரு கூரையும் மிஞ்சாமல் எரி. ஏறக்குறைய 50,000 பேர் வலுக்கட்டாயமாகத் தெற்கே அனுப்பப்பட்டார்கள். இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் போகமாட்டோம் என்று குகைகளிலும் புல்மண் குடிசைகளிலும் அந்த மாரியில் ஒளித்திருந்தார்கள். ஹம்மர்பெஸ்ட் வீடுவீடாக எரிக்கப்பட்டது. கடைசி ஜேர்மன் சிப்பாய் 1945 பெப்ரவரியில் வெளிக்கிடும்போது நகரத்தில் நின்ற ஒரே கட்டடம் 1937இல் கட்டிய அந்தச் சுடலைக் கபெல்.

ஒக்டோபர் 28 எண்டதை வாசிச்ச உடன எனக்கு வேற ஒரு திகதி ஞாபகம் வந்தது. 1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரு இரவில எழும்பி நடந்த நாள். எனக்கு ஆறு வயது. மழை, சனம், செம்மணிப் பாதை, அம்மாவின்ட சீலைத் தலைப்பு. இவ்வளவுதான் ஞாபகம். அடுத்த வருசம் திரும்பிப் போகேக்க எங்கட வீட்டுக்குக் கூரை இல்லை. பக்கத்து ஒழுங்கையில ஆக்கள் திரும்பி வராத வீடு ஒண்டு, உள்ளுக்க எருக்கலை முளைச்சு நிண்டது. நாங்கள் பெடியள் அதைப் பேய்வீடு எண்டு சொல்லி ஓடுவம். அம்மம்மா ஒருநாள் பிடிச்சு ஏசினா: "பேயும் இல்லை பிசாசும் இல்லை. அது பரியாரியாற்ற வீடு. பேரைச் சொல்லிப் பழகுங்கோ." அந்த ஏச்சு இண்டைக்கும் காதுக்குள்ள கிடக்குது.

இங்கத்தைய சனமும் தடையை மீறித் திரும்பி வந்துதான் ஊரைக் கட்டினார்கள். முதலில் தகரமும் பலகையும். பிறகு ஒரே மாதிரி அளவான மீள்கட்டுமான வீடுகள். இப்பவும் மலையடிவாரத்தில வரிசையாக் காணலாம். இந்தக் கதையை முழுக்கச் சொல்ல 1998இல் மீள்கட்டுமான அருங்காட்சியகம் திறந்தார்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ.

இனிக் கலைப்பக்கம். ஒஸ்லோ ஆக்கள் "அங்க என்ன கலை, மீன் மணம்தானே" எண்டு சிரிக்கினம். கபெலுக்கு முன்னால 1961இல் கட்டிய தேவாலயத்தைப் பாருங்கோ. கட்டடக் கலைஞர் ஹன்ஸ் மாக்னுஸ் அதை முக்கோண வடிவில நிமிர்த்தி வைச்சிருக்கிறார். மீன் காயப்போடுற மரப்பந்தல்தான் அவருக்கு மாதிரி. உள்ளே வழமையான பீடச் சித்திரம் இல்லை. அந்த இடத்தில யார்டார் லுண்டே செய்த பெரிய நிறக்கண்ணாடிச் சுவர். வெய்யில் வாற நாளில அதுக்குள்ள இருந்து பார்த்தால் நல்ல வடிவு. 1958இல் கட்டிய கத்தோலிக்க தேவாலயத்துக்கும் ஒரு கதை உண்டு. அதைக் கட்டிய கைகளில் பெரும்பாலானவை ஜேர்மன் தொண்டர்களின் கைகள். எரித்த நாட்டில் இருந்து 13 வருடத்தில் ஆக்கள் வந்து கல் அடுக்கினார்கள். இதை யோசிச்சு நான் கனநேரம் அதுக்கு முன்னால நிண்டிருக்கிறன். இண்டைக்கு ஆர்க்டிக் கலாசார மையம் இருக்கு, வடபகுதி நடனக் கலைஞர்களுக்கான டான்சஅரேனா நூர் இந்த ஊரிலதான் இருக்கு.

வடக்குக் கடலின்ட பெரிய பேய் டிரவுக். கடலில் செத்து, அடக்கம் கிடைக்காத மீனவனின் ஆவி. பாதி உடைஞ்ச வள்ளத்தில வலிச்சுக்கொண்டு வரும். கண்டவன் கரை சேரமாட்டான் எண்டு கதை. ஓவியர் தெயோடோர் கித்தெல்சன் 1880களின் கடைசியில் லொபோத்தன் தீவுப் பக்கம் வாழ்ந்தவர். அவர் வரைந்த பிறகுதான் டிரவுக்குக்கு எல்லாரும் அறிஞ்ச ஒரு முகம் வந்தது. இப்ப அந்தப் பேரில ஒரு எண்ணெய் வயலே இருக்கு. ட்ரோல் எண்டும் ஒண்டு. எங்கட ஊருக்கு முன்னால மெல்க்கயா தீவுக்கு 2007 முதல் வாற எரிவாயு சினோவித், அதாவது வெண்பனி இளவரசி வயலில இருந்து. ஊரில பேய்க்குப் பொங்கிப் படைப்பினம். இவங்கள் பேயின்ட பேரில எண்ணெய் எடுக்கிறாங்கள்!

ஆனால் பின்மார்க்கில பேய்க்கதை வெறும் பகிடியாப் போகேல்லை. 1617 நத்தாருக்கு முதல்நாள் வார்டோ, கிபெர்க் பக்கம் திடீரென்று புயல் அடித்தது. பத்து வள்ளங்கள், 40 மீனவர்கள் ஒரே நாளில் போனார்கள். சில வருடத்துக்குப் பிறகு, புயலைக் கிளப்பியவர்கள் சூனியக்காரிகள் என்று வழக்குத் தொடங்கியது. பெண்களைக் கட்டிக் கடலில் போட்டுப் பார்த்தார்கள், மிதந்தால் குற்றவாளி. டோமன் மலையில் பிசாசோடு ஆடினோம் என்று சித்திரவதையில் சொல்ல வைத்தார்கள். அந்த நூற்றாண்டில் பின்மார்க்கில் 91 பேர் கொல்லப்பட்டார்கள். 77 பெண்கள், 14 ஆண்கள். மொத்தச் சனத்தொகையே ஏறக்குறைய மூவாயிரம்தான் எண்டால் யோசிச்சுப் பாருங்கோ. சாமி இனத்துப் பெரியவர் அண்டர்ஸ் பௌல்சனின் சடங்கு மேளத்தை 1691இல் பறித்தார்கள். தோலில் வரைஞ்ச ஒவ்வொரு உருவத்துக்கும் நீதிமன்றத்தில் விளக்கம் சொன்ன மனுசன், தீர்ப்பு வர முன்னமே 1692இல் காவலில் கோடரியால் கொல்லப்பட்டார். மேளம் டென்மார்க் போனது. 1979இல் கடனாகக் கராஸ்யோக்குக்குத் திரும்பியது. 2022இல்தான் சாமி மக்களுக்கே சொந்தமாகக் கிடைத்தது. அவர்களின் கண்ணுக்கு அது சூனியச் சாமான். எனக்கெண்டால் அது அவையின்ட ஓவியம், நூலகம் எல்லாம். யாழ்ப்பாணத்தில மாற்கு மாஸ்ரரின்ட ஓவியங்கள் எத்தினையோ இடப்பெயர்வில அழிஞ்சு போனது. அதுகள் திரும்பாது.

வார்டோவில் கொலை நடந்த ஸ்தெயில்நெசெத் கரையில் 2011இல் நினைவிடம் திறந்தார்கள். சுவிஸ் கட்டடக் கலைஞர் பீற்றர் சும்தோர் செய்தது. மரச்சட்டத்தில் தொங்கும் நீளமான துணி மண்டபம். அதுவும் மீன்பந்தல் மாதிரித்தான். உள்ளே 91 சின்ன யன்னல், ஒவ்வொன்றிலும் ஒரு மின்குமிழ். பக்கத்திலே ஒரு ஆளின் பெயர், சாட்டிய குற்றம், கொடுத்த தண்டனை. பழைய வழக்கேடுகளைத் தேடி அதை எழுதியவர் வரலாற்றாசிரியர் லீவ் ஹெலன வில்லும்சன். அடுத்த கட்டடத்தில் லூயிஸ் பூர்ஷ்வா என்ற கலைஞர் வைத்த இரும்புக் கதிரை. நடுவில் அணையாமல் நெருப்பு எரியும், சுற்றிவரப் பெரிய கண்ணாடிகள்.

போன சம்மரில குடும்பமாப் போனம். மனிசி ஒவ்வொரு யன்னலா நிண்டு வாசிச்சா. சின்னவள் "அப்பா, இவை உண்மையாவே சூனியக்காரியளோ?" எண்டு கேட்டாள். "இல்லையம்மா, மீன்பிடிக்கிற ஆக்களின்ட வீட்டுக்காரர்" எண்டன். பிறகு அவளும் தாயோட சேர்ந்து பேரை வாசிக்கத் தொடங்கீட்டாள். நோர்வேஜியன் அவளுக்கு என்னைவிட நல்லா வரும். 91உம் முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல போச்சு.

வாற சம்மரில ஒஸ்லோவில இருந்து வாற சொந்தங்கள் ஹூர்த்திகுருத்தன் கப்பலில வாங்கோ. ஹம்மர்பெஸ்டிலயும் நிக்கும், வார்டோவிலயும் நிக்கும். முதல் கபெலுக்கு நானே கூட்டிக்கொண்டு போறன்.