இரண்டு மணிக் கடல்: பதுளை மலையும் தனுஷ்கோடித் துறையும்

மலையில் வாழும் மக்களின் வரலாற்றைக் கடலில் தொடங்குதல் வேண்டும் என்று கூறின், கேட்போர்க்கு அது முதற்கண் வியப்பாகவே தோன்றும். ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளை நாற்புறமும் குன்றுகள் சூழ அமைந்தது. நமுனுகுலை மலையின் சாரலிலும், பசறை, லுணுகலை, மடுல்சீமை, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய இடங்களிலும் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில் கடலோசை கேட்பதில்லை. ஆயினும், அத்தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கித் தொடர்ந்து செல்வோமாயின், அது பெரும்பாலும் சேதுக்கரையின் ஒரு மணல்மேட்டிற் போய் நிற்கும். அம்மணல்மேட்டின் பெயர் தனுஷ்கோடி.

தனுஷ்கோடி இன்று ஒரு பகற்பொழுதிற் கண்டு மீளத்தக்க இடம். 2017 ஆம் ஆண்டில் அரிச்சல்முனை வரை வண்டிப்பாதை அமைந்த பின்னர், இராமேசுவரத்துக்கு வருவோருட் பலர் காலையிற் சென்று, கூரையிழந்த தேவாலயத்தையும் புகைவண்டி நிலையத்தின் எஞ்சிய சுவர்களையும் பார்த்து, மாலைக்குள் திரும்பிவிடுகின்றனர். அவர்களுக்கு அது புயலில் அழிந்த ஒரு பழைய ஊர், அவ்வளவே. எதிர்க்கரையாகிய தலைமன்னாருக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ இருபது மைல் அகலமுள்ள கடலே உள்ளது. இக்குறுங்கடலை நம் முன்னோர் வெவ்வேறு காலங்களில் எவ்வாறு கடந்தனர் என்பதையும், அக்கடல் அவர்களுக்கு அணித்தாகவும் சேய்த்தாகவும் மாறிமாறி அமைந்ததற்குக் காரணம் யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்காலம் பாய்த்தோணியின் காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கண்டிச் சீமையிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றியபோது, தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து உழைப்பாளர் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டனர். கங்காணி முன்செல்ல, கரையோரத் துறைகளை அடைந்து, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். கடற்பயணம் குறுகியது, துன்பம் கரையேறிய பின்னரே தொடங்கிற்று. நீரும் நிழலும் அரிதாகிய வன்னிக் காட்டினூடே நூறு மைலுக்கு மிகுந்த தொலைவைக் கால்நடையாகக் கடந்து, தம்புள்ளை வழியே மாத்தளையை அடைதல் வேண்டும். ஊவாவுக்குச் செல்வோர்க்கு அதற்கப்பாலும் பல நாள் நடையுண்டு. காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பட்டினியாலும் வழியில் மாண்டோர் மிகப் பலர். அவர்க்குக் கல்லறை இல்லை. அவர்தம் பெயரும் எழுதப்படவில்லை.

அக்காலத்தில் அவர்கள் வந்து தங்கும் குடிகளாக அல்லாமல், வந்து மீளும் பறவைகளாகவே இருந்தனர் என்பதை மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவது பெரும்பான்மை வழக்கம். 1869 இல் தோன்றிய இலைநோய் சில ஆண்டுகளிற் கோப்பியை அழித்தது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவிற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தேயிலைச் செடியோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆண்டு முழுவதும் அதற்குக் கைகள் வேண்டும். ஆகவே ஆடவர் தனித்து வருதல் குறைந்து, பெண்டிரும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் வந்து லயங்களிற் குடியேறின. பயிர் மாறியமையால் மக்களின் வாழ்வு முறையே மாறிற்று.

நூற்றாண்டின் இறுதிக்காலத்தில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் கப்பல்வழி ஓங்கியது. பின்னர் 1914 ஆம் ஆண்டில் இரண்டாங் காலம் பிறந்தது. அவ்வாண்டு பெப்ரவரித் திங்களிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மார்ச்சு முதலாந் திகதி தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கிற்று. சேதுவின் மணற்றிட்டுக்களின்மீது இருப்புப்பாதையே அமைத்து இரு நாடுகளையும் இணைக்கும் திட்டமொன்றும் முன்னர் ஆராயப்பட்டுச் செலவு நோக்கிக் கைவிடப்பட்டது. அதற்கு ஈடாகவே இக்கப்பல்கள் வந்தன. கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்பன அவற்றின் பெயர்கள். சென்னையிலிருந்து வரும் ‘போட் மெயில்’ தனுஷ்கோடித் துறையிற் பயணிகளை இறக்க, அவர்கள் கப்பலேறி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தலைமன்னாரை அடைந்தனர். அங்கும் புகைவண்டி காத்து நின்றது. பாய்த்தோணியிலும் கால்நடையிலும் பல கிழமைகள் கழித்த வழியை இரண்டொரு நாட்களிற் கடக்கலாயினர்.

ஊவாவுக்கு இவ்வசதி முழுமையாகக் கிட்டியது 1924 ஆம் ஆண்டிலாகும். முன்னரே பண்டாரவளை வரை வந்திருந்த இருப்புப்பாதை, அவ்வாண்டு ஏப்பிரலிற் பதுளையை எட்டியது. அதன்பின் பதுளையில் வண்டியேறிய ஒருவர், பட்டிப்பொளையின் குளிரையும் நானுஓயா, ஹட்டன் ஆகிய நிலையங்களையும் கடந்து, பொல்காவலையில் வண்டி மாறி, அநுராதபுரம், மதவாச்சி வழியே தலைமன்னார்த் துறையை அடையலாம். நிலத்தில் ஒரு பகலும் ஓர் இரவும். கடலில் இரண்டே மணி. மலைநாட்டு இருப்புப்பாதையின் கடைசி நிலையம் பதுளை. தென்னிந்திய இருப்புப்பாதையின் கடைசி நிலையம் தனுஷ்கோடி. இரு முனைகளும் ஒரே பயணத்தின் இரு தலைகளாயின.

இவ்வழி அன்பினால் அமைக்கப்பட்டதன்று. தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் தேவையே இதற்குப் பெரிதும் துணைநின்றது என்று கூறுவாருளர். அக்கூற்று மறுத்தற்கரியது. பயணிகள் யாவரும் ஒரே வகையிற் கடல் கடக்கவில்லை. பெருவண்டிச் சீட்டுடையோர் நேரே கப்பலேற, தோட்டத்துக்குச் செல்வோர் மண்டபத்தில் நிறுத்தப்பட்டனர். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. அங்கு அவர்கள் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பெற்று, துணிகள் கிருமி நீக்கப்பெற்ற பின்னரே அனுப்பப்பட்டனர். ஒவ்வொருவரிடமும் தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண்கள் பொறித்த தகர டிக்கெட்டொன்று இருந்தது. கங்காணியின் கணக்கிலோ ‘துண்டு’ என்னும் கடன்சீட்டு இருந்தது. அக்கடன் தீர்ந்தாலன்றி ஒரு தோட்டத்தினின்றும் மறு தோட்டத்துக்குப் போதல் இயலாது. துண்டு முறை 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஆயினும், பிறர் நலங்கருதி அமைத்த வழியை மக்கள் தம் நலத்துக்கும் பயன்படுத்திக்கொண்டனர் என்பதும் உண்மையே. திருமணம், காதுகுத்து, குலதெய்வப் பூசை, பெற்றோரின் இறுதிக் கடன் ஆகியவற்றின் பொருட்டு ஊவாவிலிருந்து ஊருக்குச் சென்று மீண்டோர் பலர். சேதுவில் நீராடி இராமநாதரை வழிபடுதல் தமிழர்க்குப் பெரும்பேறு. ஊருக்குச் செல்வோர்க்கு அப்பேறு வழியிலேயே வாய்த்தது. அவ்வாறே அக்கரையிலிருந்து கதிர்காமம் நோக்கி வரும் அடியார்க்கும் இது வழியாயிற்று. கதிர்காமம் ஊவா மாகாணத்திலேயே உள்ளமையும் ஈண்டுக் கருதத்தக்கது. இக்காலத்தில் ‘ஊர்’ என்னுஞ் சொல் இழந்துவிட்ட இடத்தை அன்று, சென்று வரத்தக்க இடத்தையே குறித்தது.

இந்நிலை நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1939 இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் குடியேறுவதைத் தடைசெய்தது. 1948 இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதே ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் கடவுச்சீட்டும் அனுமதியுமின்றிக் கடல் கடப்பதைக் குற்றமாக்கிற்று. கப்பல் முன்போலவே ஓடியது; கடலின் அகலம் ஓர் அங்குலமேனுங் கூடவில்லை. எனினும் பதுளையிலிருந்த மகனுக்கும் புதுக்கோட்டையிலிருந்த தாய்க்கும் இடையே தொலைவு பன்மடங்காயிற்று. அக்காலத்திலேதான் ‘கள்ளத்தோணி’ என்னும் வசைச்சொல் வழக்கில் மிகுந்தது. அரசாங்கம் நடத்திய முகாமில் எண்ணப்பட்டு, அரசாங்கம் ஏற்ற தகரத்தைத் தாங்கி, அறிவித்த நேரத்திற் புறப்படும் கப்பலில் வந்தோரின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அச்சொல்லால் அழைத்தமை வரலாற்றறிவின்மையின் கொடிய விளைவு என்க.

1964 ஆம் ஆண்டின் இறுதியில், இரண்டு திங்களுக்குள் இரு பேரிடிகள் விழுந்தன. ஒக்டோபர் 30 ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 9,75,000 எனக் கணக்கிடப்பட்ட மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதெனவும் இரு அரசுகளும் ஒப்பின. அம்மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. எஞ்சியோரை 1974 இற் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டனர். முதலுடன்படிக்கைக்கு ஐம்பத்துமூன்று நாள் கழித்து, டிசம்பர் 22 ஆந் திகதி இரவு பெரும்புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. பாம்பனிலிருந்து வந்த புகைவண்டியும், அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் அலைவாய்ப்பட்டனர். பாம்பன் பாலம் பழுதுபார்க்கப்பட்டு விரைவில் மீண்டெழுந்தது, தனுஷ்கோடி எழவில்லை. அனுப்பப்படுவோரின் எண்ணிக்கை முடிவான அதே பருவத்தில், அவர்தம் முன்னோர் வந்த வாயில் இல்லாதொழிந்தது.

மூன்றாங் காலம் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய ‘இராமானுஜம்’ கப்பலின் காலம். உடன்படிக்கையின்படி ‘தாயகம்’ திரும்பியோர் இக்கப்பலிலேயே பெரும்பாலும் சென்றனர். மலைநாட்டில் புகைவண்டியைக் கோச்சி என்பர். பதுளையிலும் பண்டாரவளையிலும் ஹட்டனிலும் கோச்சி புறப்படும்போது நிலைய மேடைகளில் எழுந்த அழுகையை நினைவுகூரும் முதியோர் இன்றும் உளர். ஒரே குடும்பத்தில் தமையன் இந்தியனாகவும் தம்பி இலங்கையனாகவும் பதிவாகியதுண்டு. சென்றோருட் சிலர் நீலகிரியில் 1968 இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்துக் கூடையையே சுமந்தனர். 1980களின் நடுவிற் போர்ச்சூழல் கப்பலையும் நிறுத்திற்று. 1914 இல் தொடங்கிய வழி எழுபது ஆண்டளவில் மூடுண்டது.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டைக் குறிப்பிடாது இக்கட்டுரை நிறைவுறாது. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை கிடைத்த பின்னர், இருபது ஆண்டு கழித்து, 2023 இல் மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியிற் பேரர் தாமாக விரும்பி நடந்தனர். அதே ஆண்டு ஒக்டோபர் 14 ஆந் திகதி நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் ‘செரியபாணி’ என்னும் விரைவுப் படகு புறப்பட்டது. மழைக்காலம் நெருங்கியதால் சின்னாட்களில் நின்ற அச்சேவை, 2024 ஆகத்தில் ‘சிவகங்கை’ என்னும் படகுடன் மீண்டும் தொடங்கிற்று. அறுபது கடல்மைலளவான தொலைவை நான்கு மணி நேர அளவிற் கடக்கும் அப்படகு இரு கரை உறவுக்கும் நல்வரவே.

ஆயினும் வேகம் ஒன்றே அண்மையைத் தருவதில்லை என்பதை ஊவாவின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. பாய்த்தோணியில் வந்தவர் பருவந்தோறும் வீடு திரும்பினார். நீராவிக் கப்பலில் இரண்டே மணியிற் சென்ற அவர் பேரன் திரும்பி வரவே இல்லை. இவ்வேறுபாட்டை விளைத்தது கடலன்று, கப்பலுமன்று, கையிலிருந்த சீட்டே. தகர டிக்கெட்டும், துண்டும், கடவுச்சீட்டும், உடன்படிக்கையின் எண்ணிக்கையும் இக்குறுங்கடலை மாற்றி மாற்றி அளந்தன.

ஆகவே நம் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். தோட்டத்து லயங்களின் தகரப் பெட்டிகளில், மடித்து வைத்த சேலைகளுக்கிடையே, நிறம் மங்கிய கடவுச்சீட்டுக்களும், குடும்ப அட்டைகளும், அக்கரையிலிருந்து வந்த கடிதங்களும் இன்னுங் கிடத்தல் கூடும். ஒவ்வொரு மழைக்காலமும் அவற்றுட் சிலவற்றை நனைத்து அழிக்கின்றது. அவற்றைத் தேடிக் காண்க. உடையவர் இசைவு பெற்றுப் படியெடுத்துக் கல்லூரி நூலகத்திற் சேர்க்க. முதியோர் கூறும் பயணக் கதைகளை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்க. தனுஷ்கோடியின் சுவர்களை எவரும் ஒரு பகலிற் சென்று பார்த்துவரலாம். அச்சுவர்களினூடே சென்றவர் யாவர், எத்தோட்டத்துக்கு வந்தனர், அவருள் மீண்டவர் எவர் என்பதைக் கூறவல்ல ஏடுகள் பதுளையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலுமே உள்ளன.